ஒன்றில் தொடங்கி ஒன்றுக்கே வந்த விகிதம்: இலங்கை ரூபாயும் பாகிஸ்தான் ரூபாயும்

1955 ஆகஸ்ட்டில் ஒரு பாகிஸ்தான் ரூபாய்க்கு ஒரு இலங்கை ரூபாய். 2024 டிசம்பர் இறுதியில் ஒரு பாகிஸ்தான் ரூபாய்க்கு ஏறத்தாழ 1.05 இலங்கை ரூபாய். இந்த இரண்டு எண்களை மட்டும் அருகருகே வைத்துப் பார்த்தால், கிட்டத்தட்ட 70 ஆண்டுகள் அசையாமல் நின்ற ஜோடி இது என்றுதான் தோன்றும். ஆனால் அதே 1955இல் ஒரு டாலர் வாங்க இரண்டு நாடுகளிலும் 4.76 ரூபாய் போதும். 2024 முடிவில் இலங்கையில் 293 ரூபாய் வேண்டும், பாகிஸ்தானில் 278 ரூபாய் வேண்டும். ஒன்றில் டாலரின் விலை 61 மடங்கு, மற்றதில் 58 மடங்கு. இரண்டும் சேர்ந்து விழுந்ததால் இடையில் உள்ள விகிதம் மட்டும் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது.

அதிகம் கைமாறாத இரண்டு நாணயங்களின் பழைய விகிதத்தைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு அட்டவணையோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். ஆண்டு, மாதம், எண். அந்த எண் எப்படி வந்தது, அந்த நாளில் அந்த விலைக்கு யாருக்காவது பணம் கிடைத்ததா என்று யாரும் கேட்பதில்லை. இந்த ஜோடியை எடுத்துக்கொண்டதற்குக் காரணமே, இதன் வரலாற்றில் அந்தக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு ஒரு அடிகூட நகர முடியாது என்பதுதான்.

முதலில் கணக்கு. கொழும்பிலும் சரி, கராச்சியிலும் சரி, இந்த இரண்டு ரூபாய்களையும் நேரடியாக ஒன்றுக்கொன்று வாங்கி விற்கும் பெரிய சந்தை கிடையாது. இலங்கையிலிருந்து வெற்றிலையும் தேங்காயும் பாகிஸ்தானுக்குப் போகின்றன. அங்கிருந்து துணியும் அரிசியும் சிமெண்டும் வருகின்றன. 2005 ஜூனிலிருந்து இரண்டு நாடுகளுக்கும் இடையே தடையற்ற வணிக ஒப்பந்தமும் நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் விலைப்பட்டியல் பெரும்பாலும் டாலரில்தான். 1974இல் உருவான ஆசியத் தீர்வு ஒன்றியத்தில் இரண்டு மத்திய வங்கிகளும் உறுப்பினர்கள். அங்கும் கணக்கு முடிப்பது ஒரு பொது அலகில்தான், ரூபாயில் அல்ல. ஆகவே நாம் பார்க்கும் விகிதம் ஒரு குறுக்கு விகிதம்: டாலருக்கான இலங்கை விலையை டாலருக்கான பாகிஸ்தான் விலையால் வகுத்தால் வருவது. கீழே வரும் எண்கள் எல்லாம் ஒரு பாகிஸ்தான் ரூபாய்க்கு எத்தனை இலங்கை ரூபாய் என்ற திசையில் இருக்கின்றன.

வகுத்தால் வரும் எண் என்பதால் அதற்கென்று தனி வாழ்க்கை இல்லை. அது ஏறினால் இலங்கை ரூபாய் விழுந்திருக்கலாம், அல்லது பாகிஸ்தான் ரூபாய் எழுந்திருக்கலாம், அல்லது ஒன்று விழும்போது மற்றதை அரசு பிடித்துவைத்திருக்கலாம். இந்த மூன்றாவதுதான் இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப நடந்தது.

1.44: பாகிஸ்தான் மறுத்த மதிப்பிறக்கம்

1949 செப்டம்பர் வரை இலங்கை, இந்திய, பாகிஸ்தான் ரூபாய்கள் மூன்றும் சமம். இலங்கை ரூபாய் நீண்டகாலமாக இந்திய ரூபாயோடு கட்டப்பட்டிருந்தது. பாகிஸ்தான் ரூபாய் பிரிவினைக்குப் பின் அதே மதிப்பில் பிறந்தது. பாகிஸ்தான் மத்திய வங்கி தொடங்கியதே 1948 ஜூலை 1இல்தான். மூன்று நாடுகளும் ஸ்டெர்லிங் வட்டாரத்தில், அதாவது பிரிட்டிஷ் பவுண்டோடு நாணயத்தைக் கட்டிவைத்த நாடுகளின் குழுவில் இருந்தன.

1949 செப்டம்பர் 18இல் பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80 டாலருக்கு இறக்கியது. இந்தியாவும் இலங்கையும் கூடவே இறங்கின. ஒரு டாலர் 3.31 ரூபாயிலிருந்து 4.76 ரூபாய் ஆனது. பாகிஸ்தான் பிரதமர் லியாகத் அலி கானின் அரசு மறுத்துவிட்டது. பாகிஸ்தான் ரூபாய் 3.31லேயே நின்றது.

அந்த மறுப்பில் ஒரு தர்க்கம் இருந்தது. பாகிஸ்தான் விற்றது கச்சா சணலும் பருத்தியும். அப்போது பாகிஸ்தானில் இருந்த கிழக்கு வங்காளத்தின் சணல் இல்லாமல் கல்கத்தா ஆலைகளால் ஓட முடியாது. விலை ஏறினாலும் வாங்கித்தான் ஆகவேண்டும். வெளியிலிருந்து வாங்கவேண்டிய இயந்திரங்களோ மலிவாகக் கிடைக்கும். அப்புறம் எதற்கு இறக்கவேண்டும்? இந்தியா அந்த விகிதத்தை ஏற்க மறுத்தது, இரண்டு நாடுகளின் வணிகமும் கிட்டத்தட்ட முடங்கியது. 1950 ஜூனில் கொரியப் போர் வெடித்ததும் கச்சாப் பொருள்களின் விலை பறந்தது, பாகிஸ்தான் கணக்கு சரியாகிவிட்டதுபோல் தெரிந்தது. 1951 பிப்ரவரியில் இந்தியா இறங்கிவந்து, 100 பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் என்ற விகிதத்தை ஒப்புக்கொண்டது.

இலங்கைக்கும் அதே 1.44தான். பாகிஸ்தானுக்கும் பிரிட்டனுக்கும் டெல்லிக்கும் இடையே நடந்த இழுபறியில் இலங்கைக்கு எந்தப் பங்கும் இல்லை. அப்போது கொழும்பில் மத்திய வங்கிகூடக் கிடையாது. அது 1950 ஆகஸ்ட் 28இல்தான் தொடங்கியது. ஆனாலும் கொழும்பில் பாகிஸ்தான் சரக்கை வாங்குகிறவருக்கு, அங்கே விலை மாறாமலே, ஒரே நாளில் 44 சதவீதம் கூடிவிட்டது. அதிகம் கைமாறாத நாணயங்களின் தலைவிதி இது: தன் விகிதத்தைத் தீர்மானிக்கும் அறையில் அவை இரண்டும் சேர்ந்து உட்காருவதே இல்லை.

கொரியப் போர் ஏற்றம் சீக்கிரமே வடிந்தது. 1952 முதல் பாகிஸ்தான் கடுமையான இறக்குமதி உரிமக் கட்டுப்பாட்டுக்குள் போனது. உரிமம் உள்ளவருக்கு டாலர் 3.31 ரூபாய், இல்லாதவருக்கு டாலரே இல்லை. 1.44 என்ற விகிதம் அட்டவணையில் இன்னும் மூன்று ஆண்டுகள் அப்படியே இருந்தது, ஆனால் அது ஒரு விலையாக வேலை செய்வதை நிறுத்திவிட்டது. 1955 ஜூலை 31இல் பாகிஸ்தானும் 4.76க்கு இறங்கியது. குறுக்கு விகிதம் மறுபடி 1.00.

ஒரே நாளில் பல விலைகள்

அடுத்த 12 ஆண்டுகள் அட்டவணையில் ஒரே நேர்கோடு. 1967 நவம்பரில் பவுண்டு மறுபடி இறங்கியபோது இலங்கை அதைவிட அதிகமாக, 20 சதவீதம் இறங்கியது, டாலர் 5.95 ஆனது. பாகிஸ்தான் இம்முறையும் கூடவே வரவில்லை. விகிதம் 1.25.

அந்த நேர்கோட்டையும் இந்த 1.25ஐயும் அப்படியே நம்பி ஆய்வு எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தக் காலத்தில் இரண்டு நாடுகளிலும் டாலருக்கு ஒரு விலை இருக்கவில்லை.

பாகிஸ்தானில் 1959இல் போனஸ் வவுச்சர் திட்டம் வந்தது. குறிப்பிட்ட பொருள்களை ஏற்றுமதி செய்கிறவருக்கு, ஈட்டிய அந்நியச் செலாவணியில் ஒரு பங்குக்கு வவுச்சர் கொடுப்பார்கள். அதை வைத்துச் சில பொருள்களை இறக்குமதி செய்யலாம், அல்லது சந்தையில் நல்ல கூடுதல் விலைக்கு விற்கலாம். ஆகவே அந்த ஏற்றுமதியாளர் கைக்கு வந்த டாலரின் உண்மையான மதிப்பு 4.76ஐவிட அதிகம். வவுச்சர் வாங்கி இறக்குமதி செய்தவர் கொடுத்த விலையும் அப்படியே.

இலங்கையில் 1968 மே மாதம் அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் திட்டம் வந்தது. தேயிலை, ரப்பர், தேங்காய் ஆகிய மரபான ஏற்றுமதிகளுக்கும், உணவு, உரம், மருந்து போன்ற அவசிய இறக்குமதிகளுக்கும் பழைய அடிப்படை விகிதம். மற்றவற்றுக்குச் சான்றிதழ் விலையும் சேரும்: தொடக்கத்தில் 44 சதவீதம், 1969இல் 55, 1972இல் 65.

இப்போது 1970இன் ஏதோ ஒரு மாதத்துக்கு விகிதம் கேட்டால் என்ன சொல்வது? அடிப்படை விகிதங்களை வகுத்தால் 1.25. இலங்கைப் பக்கம் சான்றிதழைச் சேர்த்தால் டாலர் 9.22 ரூபாய், அதை 4.76ஆல் வகுத்தால் 1.94. பாகிஸ்தான் பக்கம் வவுச்சர் விலையையும் சேர்த்தால் எண் மறுபடி கீழே வரும். இதில் எது சரி என்று கேட்பதைவிட, யாருக்கு என்று கேட்கவேண்டும். தேயிலை விற்றவரின் விகிதம் ஒன்று, கைத்தொழில் பொருள் விற்றவரின் விகிதம் வேறு. அரசுகளுக்கிடையேயான கடன் கணக்கு மூன்றாவது. நீண்டகாலத் தொடர்களில் பலவற்றில் அடிப்படை விகிதம் மட்டுமே பதிவாகியிருக்கிறது. அது தவறல்ல, ஆனால் அட்டவணையில் அந்தப் பத்தியின் (நெடுவரிசையின்) தலைப்பில் அதைச் சொல்லாமல் விடுவது தவறு.

இதன் விளைவு இரண்டு பெரிய பொய்த் தாவல்களாக வெளிவருகிறது. 1971 டிசம்பரில் கிழக்குப் பாகிஸ்தான் பிரிந்து வங்கதேசம் ஆனது. சணல் வருமானம் போனது. 1972 மே மாதம் பாகிஸ்தான் ரூபாய் 4.76லிருந்து 11.00க்கு இறக்கப்பட்டது, போனஸ் வவுச்சர் ஒழிக்கப்பட்டது. அட்டவணையில் விகிதம் 1.25லிருந்து 0.54க்கு விழுகிறது. பிறகு 1977 நவம்பரில், இலங்கையில் ஜே.ஆர். ஜெயவர்தனே அரசு சான்றிதழ் முறையை ஒழித்து, விகிதங்களை ஒன்றாக்கி, டாலரைச் சுமார் 16 ரூபாயில் தொடங்கிவைத்தது. அடிப்படை விகிதத்தைப் பின்தொடரும் அட்டவணையில் டாலர் விலை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. விகிதம் 1.6.

இரண்டும் நடந்தவைதான். ஆனால் அவற்றின் அளவு மிகைப்பட்டது. வவுச்சர் வாங்கி இறக்குமதி செய்த கராச்சிக்காரர் 1972க்கு முன்பே 4.76ஐவிட மிக அதிகம் கொடுத்துக்கொண்டிருந்தார். கொழும்பில் சான்றிதழோடு வாங்கியவர் 1977க்கு முன்பே 65 சதவீதம் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு அந்த நாள் ஒரு பள்ளத்தாக்கு அல்ல, ஒரு படி. அடிப்படை விகிதத்தில் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் முழு அடியும் விழுந்தது.

9.90ஐப் பிடித்துவைத்த காலம், அதற்குப் பின்

1973 பிப்ரவரியில் அமெரிக்கா டாலரை இறக்கியபோது பாகிஸ்தான் கூடவே போகவில்லை. டாலர் 11லிருந்து 9.90 ஆனது. அந்த 9.90 கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டுகள் அப்படியே நின்றது. இலங்கை ரூபாயோ 1977க்குப் பின் மெல்ல மெல்ல இறங்கி, 1981 முடிவில் டாலருக்கு 20ஐத் தாண்டியது. விகிதம் 2ஐத் தொட்டது. இந்த முழு வரலாற்றிலும் அது தொட்ட உச்சங்களில் ஒன்று இது. அந்த 2 இலங்கையின் பலவீனத்தை மட்டும் அளக்கவில்லை, பாகிஸ்தானின் பிடிவாதத்தையும் சேர்த்து அளக்கிறது. 1982 ஜனவரி 8இல் பாகிஸ்தான் பிடியைத் தளர்த்தி நிர்வகிக்கப்பட்ட மிதவைக்குப் (சந்தையோடு நகரவிட்டு அரசு தலையிடும் முறை) போனதும், அந்த ஓராண்டிலேயே விகிதம் 1.7க்கு அருகே வந்துவிட்டது.

பின்னால் வந்த 35 ஆண்டுகளை வேகமாகக் கடக்கலாம். இரண்டு ரூபாய்களும் மாறிமாறி விழுந்தன. பாகிஸ்தான் 1998 மே அணுகுண்டுச் சோதனைக்குப் பின் அந்நியச் செலாவணிக் கணக்குகளை முடக்கி, கொஞ்சகாலம் மறுபடி பல விகிதங்களை வைத்திருந்தது. 2000இல் ரூபாயை மிதக்க விட்டது, அதாவது விலையைச் சந்தையே தீர்மானிக்க விட்டது. இலங்கை 2001 ஜனவரி 23இல் மிதக்க விட்டது. இரண்டு நாடுகளிலும் மிதக்க விடுவது என்ற அறிவிப்புக்குப் பின்னும் மத்திய வங்கியின் கை தண்ணீருக்குள் இருந்தது. நல்ல உதாரணம் 2008: பாகிஸ்தான் ரூபாய் 61லிருந்து 79க்கு விழுந்தது, இலங்கை ரூபாய் 109லிருந்து 113க்கு மட்டும் நகர்ந்தது. விகிதம் 1.78லிருந்து 1.43. இலங்கையில் போர் உச்சத்தில் இருந்த ஆண்டு அது, அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. அட்டவணையை மட்டும் பார்த்தால் இலங்கை நாணயம் வலுவடைந்த ஆண்டாகத் தெரியும்.

2017 முதல் 2024: மிகவும் கற்றுக்கொடுக்கும் ஏழு ஆண்டுகள்

2017 நவம்பரில் பாகிஸ்தான் ரூபாய் 105இல் பிடித்துவைக்கப்பட்டிருந்தது, இலங்கை ரூபாய் 153. விகிதம் 1.45. டிசம்பரில் பாகிஸ்தான் பிடியை விடத் தொடங்கியது. 2019 ஜூன் இறுதியில் டாலர் 160ஐ எட்டியது. இலங்கையும் 2018இல் விழுந்தது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. விகிதம் 1.10க்கு வந்தது.

2021இன் கடைசி மாதங்களில் முறை மாறியது. இலங்கை மத்திய வங்கி டாலரை 200க்கும் 203க்கும் இடையில் நிறுத்திவைத்தது. வங்கியில் அந்த விலைக்கு டாலர் கேட்டால் கிடைக்காது. வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் உண்டியல்காரர்கள் 240, 250 என்று கொடுத்தார்கள். இந்த இடத்தில்தான் விகிதத்தின் நம்பகத்தன்மையைச் சோதிக்க ஒரு நல்ல கருவி கிடைக்கிறது: வெளிநாட்டில் வேலைசெய்கிறவர்கள் வங்கி வழியாக அனுப்பும் பணம். இலங்கைக்கு 2020இல் அது 710 கோடி டாலர். 2021இல் 550 கோடிக்கு இறங்கியது. உழைப்பவர்கள் அனுப்புவதை நிறுத்தவில்லை, வங்கி வழியை விட்டார்கள். டிசம்பரில் ஒரு டாலருக்கு 10 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்க வேண்டிவந்ததே, 203 என்பது விலை அல்ல என்பதற்கு மத்திய வங்கியே கொடுத்த வாக்குமூலம். 2022 பிப்ரவரி இறுதிக்கு அட்டவணை சொல்லும் குறுக்கு விகிதம் 1.14. உண்டியல் விலையில் கணக்கிட்டால் 1.4.

மார்ச் 7இல் அணை திறந்தது. மாதத் தொடக்கத்தில் 203, மாத முடிவில் 300க்கு அருகில். ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. மே மாதம் 360ஐ எட்டியது. விகிதம் 1.8. அந்த ஒரு மார்ச் மாதத்துக்கே, மாதத் தொடக்க எண்ணை எடுத்தால் 1.14, மாத இறுதி எண்ணை எடுத்தால் 1.6க்கு மேல், சராசரியை எடுத்தால் இடையில் ஏதோ ஒன்று. வரலாற்று விகிதம் வேண்டும் என்று கேட்கிறவருக்கு, மாதத் தொடக்கமா மாத இறுதியா என்பது சின்ன விவரம்போலத் தோன்றும். சம்பள ஒப்பந்தமோ பழைய கடன் கணக்கோ இந்த மாதத்தில் விழுந்தால் அந்தச் சின்ன விவரம் தொகையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றிவிடும்.

மே மாதத்திலிருந்து இன்னொரு வகைப் பிடி. மத்திய வங்கி நாள்தோறும் ஒரு நடு விலையையும் அதைச் சுற்றி ஒரு சின்ன எல்லையையும் அறிவித்தது. ரூபாய் 360ஐச் சுற்றியே 2023 தொடக்கம் வரை நின்றது. அதே நேரம் பாகிஸ்தான் பக்கம் அதே நாடகம் ஆரம்பித்தது. அங்கே வங்கிகளுக்கிடையேயான விலை 230க்கு அருகே அடக்கிவைக்கப்பட்டது. பணமாற்று நிறுவனங்களின் விலை ஒன்று, தெருவின் விலை இன்னொன்று. 2023 ஜனவரி மாதம் பாகிஸ்தானுக்கு வங்கி வழியாக வந்த பணம் 200 கோடி டாலருக்குக் கீழே போனது. ஜனவரி 25இல் பணமாற்று நிறுவனங்கள் தாங்களே வைத்துக்கொண்டிருந்த உச்சவரம்பை நீக்கின. மறுநாள் வங்கிகளுக்கிடையேயான சந்தையில் டாலர் 231லிருந்து 255க்குத் தாவியது. செப்டம்பர் 5இல் 307.10 என்ற உச்சத்தைத் தொட்டது. சட்டவிரோத வியாபாரிகள்மேல் நடவடிக்கை எடுத்தபின் அக்டோபர் நடுவில் 277க்குத் திரும்பியது.

இலங்கை ரூபாயோ 2023 மார்ச் 20இல் சர்வதேச நாணய நிதியத்தின் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் வந்த காலத்தில் எழுந்து, செப்டம்பரில் 320களில் இருந்தது. ஆகவே 2023 செப்டம்பர் தொடக்கத்தில் விகிதம் 1.05. பதினாறு மாதங்களில் 1.8லிருந்து 1.05.

2022 பிப்ரவரி இறுதி எண்ணையும் 2023 செப்டம்பர் எண்ணையும் இணைத்து ஒரு கோடு போட்டால் 1.14லிருந்து 1.05. அமைதியான கோடு. இடையில் இலங்கையில் கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி பணவீக்கம் 2022 செப்டம்பரில் 69.8 சதவீதத்தைத் தொட்டது. பாகிஸ்தானில் 2023 மே மாதம் 38 சதவீதம். மருந்துக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற மனிதர்கள் அந்தக் கோட்டில் எங்கும் தெரியமாட்டார்கள்.

இந்தத் தொடரை எப்படி வைத்துக்கொள்வது

என் முடிவு இதுதான்: இந்த ஜோடிக்கு ஒற்றை எண்களின் பத்தி போதாது. ஒவ்வொரு மாதத்துக்கும் குறுக்கு விகிதத்தோடு, அது எந்த இரண்டு டாலர் விலைகளிலிருந்து வந்தது என்பதும் கூடவே இருக்கவேண்டும். அந்த இரண்டில் எதை அரசு பிடித்துவைத்திருந்தது என்ற குறிப்பும் வேண்டும். 1952 முதல் 1955 வரை பாகிஸ்தான் பக்கம் குறி, 1959 முதல் 1972 வரை மறுபடி பாகிஸ்தான் பக்கம், 1968 முதல் 1977 வரை இலங்கைப் பக்கம். 2021 செப்டம்பர் முதல் 2022 மார்ச் வரை இலங்கை, 2022 இறுதி முதல் 2023 ஜனவரி வரை பாகிஸ்தான். இந்தக் குறிகள் உள்ள மாதங்களில் விகிதத்தை வைத்து வணிகம் ஏறியதா இறங்கியதா என்று ஒப்பிடுவது வீண். அந்த விலையில் வணிகம் முழுவதும் நடக்கவில்லை.

பழைய தொகையை மாற்றிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இன்னொன்று. குறுக்கு விகிதம் நடு விலைகளிலிருந்து கணக்கிடப்படுகிறது. உண்மையில் பாகிஸ்தான் ரூபாயை இலங்கை ரூபாயாக மாற்றுகிறவர் இரண்டு தடவை இழக்கிறார்: டாலர் வாங்கும்போது ஒரு முறை, விற்கும்போது ஒரு முறை. ஒவ்வொரு முறையும் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால்கூட 4 சதவீதம் வழியிலேயே போய்விடும். 1.05க்கும் 1.00க்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

2024இல் பாகிஸ்தான் ரூபாய் 282லிருந்து 278க்கு மட்டுமே நகர்ந்தது. இலங்கை ரூபாய் 324லிருந்து 293க்கு எழுந்தது. விகிதம் 1.15லிருந்து 1.05க்கு வந்ததில் முழு நகர்வும் இலங்கைப் பக்கத்தில்தான். அந்த ஆண்டின் பத்தியில் பாகிஸ்தான் பக்கம் குறி போடவேண்டுமா என்பதற்கு, பணமாற்று நிறுவனங்களின் விலைக்கும் வங்கிகளின் விலைக்கும் இடையே இருந்த இடைவெளியையும், வங்கி வழியாக வந்த பணத்தையும் மாதம் மாதமாகப் பார்த்துத்தான் பதில் சொல்லவேண்டும்.